கூரைக்கு ஒரு வரி, சக்கரத்துக்கு ஒரு வரி

528 ரூபாய்க்காக ஒரு மனிதரிடம் குரலை உயர்த்திப் பேசிவிட்டேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், எங்கள் ஊராட்சியின் செயலர். 2025 மே மாதம் நடந்தது அது. அதற்கு நான்கு நாள் முன்புதான், மகள் கல்லூரிக்குப் போய்வர, தஞ்சாவூரில் ஒரு கடையில் ஸ்கூட்டர் வாங்கியிருந்தேன். அதற்குக் கட்டிய வரி 12,480 ரூபாய். அங்கே நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள், நசுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சின்னத் தொகைக்கு அவ்வளவு கோபமும் பெரிய தொகைக்கு அவ்வளவு மௌனமும் ஒரே ஆளிடமிருந்து எப்படி வந்தன என்பது அன்றிலிருந்து என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. இதை எழுதினாலாவது தெளியுமா என்று பார்க்கிறேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணியாற்றின் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். தாத்தா கட்டிய ஓட்டு வீடு. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் வந்துபோனபோது ஓடுகளில் பாதி கொல்லைக்குப் போய்விட்டன. கொல்லையிலிருந்த தென்னைகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. மழைக்காலம் முடிந்ததும் மிச்ச ஓட்டையும் பிரித்துவிட்டு, கடன் வாங்கித் தளம் போட்டோம். அம்மா இப்போதும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். நான் தஞ்சாவூரில் வாடகை வீட்டிலிருந்து வேலைக்குப் போகிறேன். ஓட்டு வீடாக இருந்தபோது ஆண்டுக்கு 110 ரூபாய் வரி. தளம் போட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகுதான் வந்து நாடா பிடித்து அளந்தார்கள். வரிக் கேட்பு 528 ரூபாயாக வந்தது. “ஒன்றுக்கு ஐந்தாக ஏற்றிவிட்டார்கள், நீ வந்து கேள்” என்று அம்மா போனில் சொன்னாள். நானும் புது வண்டியில், அதுவே முதல் பயணமாக, கேட்கப் புறப்பட்டேன்.

போகும்போது ஒரு துணிப்பையைக் கையில் கொடுத்தாள் அம்மா. தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்த ரசீதுகள் அத்தனையும் அதில் இருந்தன. வளைந்த கம்பியில் குத்தி வைத்த மஞ்சள் தாள்கள். வீட்டு வரி ரசீதும் நிலத்துக்குக் கட்டிய கிஸ்தி ரசீதும் கலந்து கிடந்தன. அறுபது ஆண்டுகளாக ஒரு வருடம் தவறாமல் கட்டிய குடும்பம் இது என்று அவர்கள் கண்ணில் காட்ட வேண்டும் என்பது அம்மாவின் எண்ணம். எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது.

மேசையில் விழுந்த வில்லை

ஊராட்சி அலுவலகத்தில் தலைவர் இல்லை. 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததிலிருந்து தனி அலுவலரின் பொறுப்பில்தான் எங்கள் மாவட்டத்து ஊராட்சிகள் இருந்தன. செயலர் மட்டும் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். நான் எடுத்த எடுப்பிலேயே சத்தமாகப் பேசினேன். புயலில் கூரை போனது, கடன் வாங்கிக் கட்டினோம், அதற்குத் தண்டனையா இது என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பதிவேட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார். கட்டடத்தின் வகை, பரப்பு, வீதம் எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது. 480 ரூபாய் வீட்டு வரி, 48 ரூபாய் நூலக வரி. பழைய 110 ரூபாயும் அப்படித்தான், 100 வரி, 10 நூலகத்துக்கு. “கீற்றுக்கு ஒரு வீதம், ஓட்டுக்கு ஒரு வீதம், தளத்துக்கு ஒரு வீதம் அண்ணே. நீங்கள் தளம் போட்டு இத்தனை வருடமும் ஓட்டு வீட்டு வரிதான் கட்டியிருக்கிறீர்கள்” என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கூட்டியது.

எங்கள் நேர்மையை நிரூபிக்கப் பையை மேசைமேல் கவிழ்த்தேன். ரசீதுகளுக்கு நடுவிலிருந்து ஒரு தகடு உருண்டு வந்து பதிவேட்டின்மேல் விழுந்தது. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய அலுமினிய வில்லை. நடுவில் எங்கள் ஊராட்சியின் பெயர், கீழே ஓர் எண், விளிம்பை ஒட்டி ஆண்டு. மேலே ஒரு துளை. துளையைச் சுற்றி ஆணியின் துரு அரைவட்டமாகப் படிந்திருந்தது. ஒரு பக்க எழுத்துகள் தேய்ந்து மழுங்கியிருந்தன, ஓட்டும்போது முழங்கால் பட்டுப் பட்டு. தாத்தாவின் சைக்கிள் வில்லை அது, வரி கட்டியதற்கு அடையாளமாக ஊராட்சி கொடுத்தது.

சைக்கிளுக்கும் வரி கட்டிய காலத்தை என் வயதுக்காரர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள், எங்களுக்கு மூத்தவர்கள் பார்த்திருப்பார்கள். 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் வீட்டு வரி, தொழில் வரி, வாகன வரி மூன்றையும் ஊராட்சிகளுக்குக் கொடுத்திருந்தது. வாகனம் என்றால் சைக்கிளும் மாட்டு வண்டியும். வில்லை இல்லாத சைக்கிளை ஆற்றுப் பாலத்தடியில் நின்று பிடித்துவைப்பார்களாம். பின்னால் உட்கார்ந்து வந்த தன்னைப் பாலத்துக்கு இந்தப் பக்கமே இறக்கிவிட்டு, வில்லை தெரியும்படி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாத்தா பாலம் கடப்பார் என்று அப்பா பலமுறை சொல்லியிருக்கிறார்.

செயலர் அந்த வில்லையை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற என் வண்டியைப் பார்த்தார். “இந்தப் பணம் முழுக்க இந்த ஊரிலேயே தங்கியிருக்கிறது அண்ணே. உங்கள் புது வண்டிக்கு என்ன வரி கட்டினீர்கள்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. வண்டிப் பெட்டியிலிருந்த கவரை எடுத்துவந்து பார்த்தேன். விலை 1,04,000. வாழ்நாள் வரி 12,480. “அதில் எங்கள் கணக்குக்கு நேராக ஒரு காசு வராது. ஆனால் வண்டி ஓடப்போவது இந்தத் தெருவில்தான்” என்றார். சொல்லிவிட்டு வில்லையை ரசீதுகளின்மேல் வைத்தார்.

வாய்விட்டுச் சொல்லாமல் மனத்துக்குள் வகுத்துப் பார்த்தேன். 12,480ஐ 528ஆல் வகுத்தால் இருபத்துமூன்று ஆண்டுக்கு மேல் வருகிறது. பிறந்து வளர்ந்த வீட்டுக்கு இருபத்துமூன்று வருடம் கட்டவேண்டிய வரியை, பத்துப் பதினைந்து ஆண்டில் பழைய இரும்பாகப் போகும் ஒரு வண்டிக்கு ஒரே பகலில் கட்டியிருக்கிறேன். கட்டியதுகூடத் தெரியாமல் கட்டியிருக்கிறேன்.

எந்த வரி எங்கே போகிறது

வீட்டுக்குத் திரும்பி உட்கார்ந்து படித்தபோது சில விஷயங்கள் விளங்கின. நிலம், கட்டடம் மீதான வரியும் வாகனங்கள் மீதான வரியும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில்தான் இருக்கின்றன. ஒன்று 49ஆம் இனம், மற்றது 57ஆம் இனம். இரண்டும் மாநிலத்தின் கையில் இருந்தவையே. வீட்டு வரியை ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் இறக்கிக் கொடுத்துவிட்டு, மோட்டார் வண்டி வரியை மாநிலம் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1974ஆம் ஆண்டின் தமிழ்நாடு மோட்டார் வாகன வரிச் சட்டப்படி அது வசூலாகிறது. 2023 நவம்பர் வரை இருசக்கர வண்டிக்கு விலையில் 8 சதவீதம். அதன் பிறகு ஒரு லட்சம் வரை 10, அதைத் தாண்டினால் 12 சதவீதம். ஐந்து லட்சத்துக்குள் வாங்கும் காருக்கு 12, இருபது லட்சத்தைத் தாண்டினால் 20. விலை சற்றே ஒரு லட்சத்தைத் தாண்டியதால் நான் 12இல் விழுந்தேன். பழைய வீதம் நீடித்திருந்தால் 8,320 ரூபாயோடு போயிருக்கும். இந்த வேறுபாடு எனக்கு வண்டி வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வண்டியின் விலையோடு பதிவுச் செலவு, காப்பீடு, வரி எல்லாவற்றையும் சேர்த்து ‘சாலைக்கு வரும் விலை’ என்று ஒரே எண்ணாகச் சொல்லிவிடுவதால் வரி எங்கே இருக்கிறது என்று கண்ணில் படுவதே இல்லை. மாதத் தவணையாகப் பிரித்துவிட்டால் இன்னும் தெரியாது.

வீட்டு வரி அப்படி மறைவதில்லை. ஊரிலேயே வளர்ந்த ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து கேட்கிறார். கையில் ரூபாயாக எண்ணிக் கொடுக்கிறோம். இப்போது இணையத்திலும் கட்டலாம், ஆனாலும் கேட்பவரின் முகம் தெரியும். கோபத்தைக் காட்ட ஒரு முகம் கிடைத்துவிடுகிறது. சென்னையில் போய்ச் சேரும் பணத்துக்கு எந்த முகத்தைப் பார்த்துக் கத்துவது? நான் செயலரிடம் கத்தியதற்கு, அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார் என்பதைத் தவிர வேறு காரணமே இல்லை. இதை நினைக்கும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

வண்டி வரிப் பணம் ஊருக்குத் திரும்பவே திரும்பாது என்று சொன்னால் அது நியாயமில்லை. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கு மாநில நிதி ஆணைய மானியமாக ஊராட்சிகளுக்கு வருகிறது. சாலைத் திட்டங்களும் வருகின்றன. ஆனால் வந்த பணம் நம்முடையது என்று யாருக்கும் தோன்றுவதில்லை. செயலர் அன்று செலவுப் பதிவேட்டையும் காட்டினார். தெருவிளக்குக்கு மின்கட்டணம், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கு மின்கட்டணம், தொட்டியை இயக்குபவரின் சம்பளம், பிளீச்சிங் பவுடர், மோட்டார் எரிந்துபோனால் கம்பிச்சுருள் கட்டும் கூலி. பதிவேட்டில் ஒரு பதிவைத் தொட்டுக் காட்டி, “இது உங்கள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்து விளக்கு” என்றார். அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் இரவில் அம்மா கதவைப் பூட்டிவிட்டுப் படுக்கிறாள்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வண்டி வரியை நினைத்தாலே காரைக்கால் நினைவுக்கு வரும். அது புதுச்சேரி, அங்கே வரி குறைவு, முகவரி ஒன்று இருந்தால் பி.ஒய். 02 பலகையோடு ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்பது நன்னிலம் பக்கம் எல்லாரும் அறிந்த செய்தி. என் உறவினர் ஒருவர் அப்படித்தான் கார் வாங்கினார். வண்டி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் ஓடினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். பிறகு இங்கே வரியும் கட்டி, அலைச்சலும் பட்டார். காரைக்காலில் வேலை பார்த்து அங்கேயே குடியிருப்பவர் அங்கே பதிவு செய்வது முறை. அரசலாற்றின் கடைமடையைத் தாண்டினால் வரி குறைகிறது என்பதற்காக முகவரியை வாங்குவது முறையில்லை. வீட்டு வரியை அப்படி ஏய்க்க முடியாது. வீட்டை ஓட்டிக்கொண்டு போக முடியாது அல்லவா?

ரசீது சொல்வதும் சொல்லாததும்

அன்று செயலர் சொன்ன இன்னொரு விஷயம் என்னை அதைவிட ஆழமாகத் தாக்கியது. கேட்புப் பதிவேட்டில் எங்கள் வீடு இன்னும் தாத்தாவின் பெயரில் இருக்கிறது. அவர் இறந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. “அத்தனை ரசீதும் எங்களிடம் இருக்கிறதே தம்பி, வீடு எங்களுடையது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?” என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: “இந்த ரசீது கட்டடத்துக்கு வரி கட்டியதற்குத்தான் சாட்சி அண்ணே. மனை யாருடையது என்று இது சொல்லாது. அதற்குப் பத்திரமும் பட்டாவும்தான் பேசும்.”

எங்கள் வட்டாரத்தில் இந்தக் குழப்பத்துக்கு ஆழமான வேர் இருக்கிறது. ஆற்றுப் பாசனப் பகுதி முழுக்கக் கோயில்களுக்கும் ஆதீனங்களுக்கும் நிலம் இருக்கிறது. மூன்று தலைமுறையாகக் கோயில் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர்கள் தெருத் தெருவாக இருக்கிறார்கள். மண்ணுக்குக் கோயிலில் வாடகை, மேலே நிற்கும் சுவருக்கு ஊராட்சியில் வரி. இரண்டு ரசீதும் ஒரே பெட்டியில் கிடக்கும். பண்ணையாரின் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு, அந்தக் குடியிருப்பு மனையை அவர்களுக்கே சொந்தமாக்கி 1971இல் ஒரு சட்டம் வந்தது. அதுவரை, காலடி மண்ணிலிருந்து எந்நேரமும் எழுப்பப்படலாம் என்ற அச்சத்தோடு வாழ்ந்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களின் வீட்டில் வரி ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சட்டம் அதை உரிமைப் பத்திரமாக ஏற்காது. ஆனால் ‘இன்னார் இங்கே குடியிருக்கிறார்’ என்று அரசு தன் முத்திரையோடு எழுதிக் கொடுத்த முதல் தாள் அவர்களுக்கு அதுதான். மின் இணைப்புக்கும் குடும்ப அட்டைக்கும் அதைத்தான் நீட்டியிருக்கிறார்கள். அந்தத் தாளின்மீது அவர்கள் வைத்திருக்கும் மரியாதையை அறியாமை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் மனை கிராம நத்தம், அதாவது ஊருக்குள் குடியிருப்புக்கென்று விட்ட நிலம். அதற்கு நாங்கள் கிஸ்தி கட்டியதில்லை. நத்தம் என்ற இந்தச் சொல்லைத் தேடிப் போனபோது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் போய் நின்றேன். கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது, வரி இல்லாத பகுதிகள் என்று சிலவற்றை இராசராசன் காலத்துக் கணக்கர்கள் கழித்துவிடுகிறார்கள். ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு. விளைகிற மண் வரி கொடுக்கும், குடியிருக்கிற மண் கொடுக்காது. ஆயிரம் ஆண்டாகியும் அதே சொல் எங்கள் பதிவேட்டில் இருக்கிறது. எங்கள் மனை மண்ணுக்கு இன்றும் தீர்வை இல்லை, அதன்மேல் நாம் எழுப்பும் கூரைக்குத்தான் வரி. கீற்று ஓடானால் கூடுகிறது, ஓடு தளமானால் இன்னும் கூடுகிறது. புயலில் இழந்துவிட்டுக் கட்டியவனுக்கும் ஆசைக்குக் கட்டியவனுக்கும் ஒரே வீதம்தான். இதில் எனக்கு இன்றும் மனத்தாங்கல் உண்டு. கஜா போன்ற பேரிடருக்குப் பிறகு திருப்பிக் கட்டிய வீடுகளுக்குச் சில ஆண்டுகளாவது பழைய வீதத்தையே வைக்க ஏற்பாடு வேண்டும் என்று நினைக்கிறேன். வறட்சியிலும் வெள்ளத்திலும் விளைச்சல் போனால் கிஸ்தியில் வஜா, அதாவது தள்ளுபடி, கொடுக்கும் வழக்கம் இந்த மண்ணில் இருந்திருக்கிறது. கூரைக்கு ஏன் வஜா இல்லை?

நகரத்தில் கணக்கு வேறு. 2022இல் சொத்து வரியை உயர்த்தியபோது 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று ஏறியது. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் அதைச் சொல்லி வாடகையை ஏற்றினார். வரி அவர் பெயரில், சுமை என் தலையில். அதனால்தான் 2025 ஜனவரியில் ஊராட்சிகள் பலவற்றை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்கும் அறிவிப்பு வந்தபோது, ஊர்களில் நூறு நாள் வேலை போய்விடும் என்ற கவலைக்கு அடுத்தபடியாக வீட்டு வரியைப் பற்றிய கவலைதான் பேச்சாக இருந்தது. அந்தக் கவலை நியாயமானது. ஊராட்சியில் வரி குறைவு என்பதோடு, கேட்டால் பதிவேட்டைத் திருப்பிக் காட்டும் ஒருவர் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறார்.

நாற்பத்தெட்டு ரூபாய்

528 ரூபாயைக் கட்டிவிட்டேன். செயலரிடம் மன்னிப்பும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, பெயர் மாற்றத்துக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதில் வாரிசுச் சான்றிதழுக்கு இப்போது அலைந்துகொண்டிருக்கிறேன். அத்தைகள் மூவர் ஒப்ப வேண்டும், ஒருவர் சீர்காழியில் இருக்கிறார்.

வீட்டுக்கு வந்து புது ரசீதை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள் அவள். “நூலக வரி 48 ரூபாய் என்று போட்டிருக்கிறதே, இது எதற்கு?” என்றாள். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, அதற்காகப் பாடுபட்ட எஸ்.ஆர். இரங்கநாதன் அத்தை இருக்கும் அதே சீர்காழியில் பிறந்தவர், அன்றிலிருந்து வீட்டு வரியோடு நூலகத்துக்கும் சேர்த்துக் கட்டுகிறோம், இப்போது ரூபாய்க்குப் பத்துப் பைசா, அது மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“அப்படியென்றால் தாத்தா காலத்திலிருந்தே புத்தகத்துக்குக் கட்டியிருக்கிறோம்” என்றாள். பிறகு, “பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நூலகம் என்று எழுதிய கட்டடம் இருக்கிறதே, அதை ஏன் திறப்பதில்லை?” என்று கேட்டாள். பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஊராட்சிதோறும் கட்டிய நூலகக் கட்டடங்களில் அதுவும் ஒன்று. சாயங்காலம் இருவரும் நடந்துபோய்ப் பார்த்தோம். பூட்டில் துரு. சன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் இரண்டு அலமாரி, மேலே தூசி, கீழ்த்தட்டில் சாய்ந்து கிடந்த புத்தகங்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று எதிர்வீட்டில் கேட்டோம், அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 15 கிராம சபைக்குக் கொடுக்க ஒரு மனு எழுதினேன். முதல் வரியில் ரசீது எண்ணைப் போட்டேன். அம்மா தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி, கீழே தானே கையெழுத்துப் போட்டாள்.